லமலேரா: பங்கு பிரிக்கும் கரை

லெம்பாத்தா தீவின் தலைநகரமான லெவோலெபாவிலிருந்து தெற்குக் கரையில் உள்ள லமலேராவுக்கு வரைபடத்தில் பார்த்தால் அதிகத் தொலைவில்லை. ஆனால் அரிசி மூட்டைகளையும் சிமெண்டையும் கால் கட்டப்பட்ட இரண்டு ஆடுகளையும் இருபதுக்கும் மேற்பட்ட பயணிகளையும் சுமந்துகொண்டு, மழைநீர் அரித்த மலைப்பாதையில் ஏறி இறங்கிய எங்கள் லாரி அங்கே போய்ச் சேர நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. கடைசி வளைவில் கடல் தெரிந்தது. ஓலை வேய்ந்த படகுக் கொட்டகைகள் வரிசையாக நின்றன. அவற்றின் முன்னால் கருமணல். மணலின் ஓரத்தில் வெயிலில் வெளுத்த திமிங்கிலத்தின் முள்ளெலும்புகள், பிள்ளைகள் உட்கார்ந்து பேசும் முக்காலிகளைப் போலக் கிடந்தன.

இந்தோனேசியாவின் கிழக்கு நுசா தெங்காரா மாநிலத்தில், புளோரெஸ் தீவுக்குக் கிழக்கே இருக்கிறது லெம்பாத்தா. பழைய வரைபடங்களில் இதன் பெயர் லோம்ப்ளென். 1999ஆம் ஆண்டில்தான் இது தனி மாவட்டமாயிற்று. லமலேரா இரண்டு நிர்வாகக் கிராமங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தாலும் மக்கள் அதை ஒரே ஊராகவே கருதுகிறார்கள். எல்லாருமாகச் சேர்ந்து ஏறத்தாழ 2000 பேர். நான் கூபாங் நகரில் பணியாற்றிய காலத்தில் உடன் வேலை செய்த நண்பர் இந்த ஊர்க்காரர். ‘ஏப்ரல் கடைசியில் போ, அம்மா வீட்டில் தங்கிக்கொள்’ என்று அவர்தான் அனுப்பிவைத்தார். அங்கே பன்னிரண்டு நாட்கள் இருந்தேன். அந்தத் தீவுகளில் வயதில் மூத்த பெண்களை எல்லாரும் ‘மாமா’ என்று அழைக்கிறார்கள். அந்தச் சொல் என் வாயில் இயல்பாக வருவதற்கே பாதி நாட்கள் கழிந்துவிட்டன. இந்தப் பதிவில் நண்பரின் தாயை அம்மா என்றே எழுதுகிறேன்.

லமலேராவைப் பற்றி வெளியுலகம் அறிந்திருப்பது ஒன்றுதான்: எண்ணெய்த் திமிங்கிலத்தைக் கையால் எறியீட்டி பாய்ச்சிப் பிடிக்கும் ஊர். ஊரின் பின்னால் லபலேகாங் மலை செங்குத்தாக எழுகிறது. வீடுகள் பாறையின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கின்றன, உழுவதற்கு நிலமில்லை, மழை ஆண்டில் நான்கு மாதம் பெய்தால் அதிகம். கரையைத் தாண்டியதும் கடல் சட்டென்று ஆழமாகிவிடுகிறது. சாவு (Savu) கடலுக்கும் புளோரெஸ் கடலுக்கும் இடையே போய்வரும் திமிங்கிலங்கள் அந்த ஆழமான நீர்வழியைப் பயன்படுத்துவதால், கரையிலிருந்தே அவற்றின் நீர்த்தாரையைப் பார்க்க முடிகிறது. அவ்வாறு பார்த்தவர் ‘பலேயோ! பலேயோ!’ என்று குரல் கொடுக்க, கேட்டவர்கள் அதைத் திரும்பக் கூவ, சில நிமிடங்களில் ஊர் முழுவதும் கரைக்கு வந்துவிடும். பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் பாடம் நடத்திக்கொண்டிருந்தாலும் அந்தக் குரல் எழுந்தால் பிள்ளைகளின் கண்கள் சன்னலுக்குப் போய்விடும் என்று அம்மா சொன்னார்.

நான் இருந்த பன்னிரண்டு நாட்களில் அந்தக் குரல் ஒரு முறைகூட எழவில்லை. அதனால் வேட்டையைப் பார்த்து எழுத எனக்கு எதுவும் இல்லை. ஆனால் வேட்டைக்கு முன்னும் பின்னும் ஊர் எப்படி வாழ்கிறது என்பதைப் பார்க்க நேரம் கிடைத்தது; நான் எழுத விரும்புவதும் அதைப் பற்றித்தான்.

மே முதல் அக்டோபர் வரையிலான காலத்தை ‘லெஃபா’ என்கிறார்கள். அதுதான் கடலுக்குச் செல்லும் பருவம். அதற்கு முன்பு, ஏப்ரல் 29ஆம் நாள், நிலத்துக்கு உரியவர்களான பழங்குடியினர் மலைமேல் ஏறித் திமிங்கில வடிவக் கல்லருகே முன்னோர்களை வேண்டி, திமிங்கிலங்களைக் கடலுக்கு அழைக்கிறார்கள். 30ஆம் நாள் மாலை, கடலில் இறந்தவர்களுக்காகக் கரையில் கத்தோலிக்கத் திருப்பலி நடக்கிறது. மே முதல் நாள் பருவத்தைத் தொடங்கிவைக்கும் திருப்பலி. அதன் பிறகே முதல் படகு தண்ணீரில் இறங்கும். ஊரில் முதன்முதலாகத் திருமுழுக்கு நடந்தது 1886இல். 1920இல் வந்த போடே என்ற பாதிரியாரின் காலத்தில் ஊர் முழுவதும் கத்தோலிக்க ஊராயிற்று. மலைமேல் நடப்பதும் கரையில் நடப்பதும் அவர்களுக்கு ஒரே வழிபாட்டின் இரு பகுதிகள். முப்பதாம் நாள் மாலையில் இறந்தவர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக வாசிக்கப்பட்டபோது, அம்மா தம் மாமனாரின் பெயர் வரும்வரை மெழுகுவர்த்தியைக் காற்றிலிருந்து மறைத்துப் பிடித்தபடி நின்றிருந்தார். பெயர் வந்தது. தலையை மட்டும் ஒரு முறை அசைத்தார்.

வேட்டைப் படகை ‘தெனா’ என்கிறார்கள். இரும்பாணி ஒன்றுகூட இல்லாமல் மரமுளைகளால் பலகைகளைச் சேர்த்துக் கட்டியது. பாய், தாளிப்பனை இனத்து மரத்தின் ஓலையைப் பின்னிச் செய்தது. முன்னோர் வகுத்த அளவு மாறக்கூடாது என்பதால், பழைய படகு கெட்டுப்போகும்போது அதே வடிவில் அதே பெயரில் புதிய படகு எழும். ஆகவே ஒரு படகுக்கு வயது கேட்டால் பதில் சொல்ல யோசிக்கிறார்கள். (இந்தோனேசிய மொழியில் பெரிய கலத்தைக் ‘கபால்’ என்பார்கள், நம் கப்பல்தான் அது. ஆனால் லமலேராக்காரர்கள் தெனாவை ஒருபோதும் கபால் என்று சொல்வதில்லை.)

ஒரு நாள் பிற்பகல் கொட்டகை நிழலில் ஒரு முதியவர் ‘லேயோ’வைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார். லேயோ என்பது எறியீட்டியையும் படகையும் இணைக்கும் தலைக்கயிறு. கையால் நூற்ற பருத்தி நூல், பனையோலை நார், நீர்ப்பூவரசின் பட்டை நார் ஆகியவற்றைச் சேர்த்து முறுக்கி, மரப்பட்டைச் சாற்றில் ஊறவைத்துக் கறுப்பாக்கியது. அவர் ஒரு புரியைத் தொடையில் வைத்து உருட்டி, மற்றொன்றோடு சேர்த்து, கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துப் பார்த்தார். என்னையும் இழுக்கச் சொன்னார். இழுத்தேன். கயிறு மணிக்கட்டைப் போல் உருண்டு திரண்டிருந்தது. கையில் பட்டை வாசனையும் மீனெண்ணெய் வாசனையும் ஒட்டிக்கொண்டன. வேலை முடிந்ததும் அவர் அதைக் கொட்டகையில் வைக்கவில்லை. சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு குலத்தின் பெரிய வீட்டுக்கு எடுத்துச் சென்றார். லேயோதான் படகின் உயிர், அது வீட்டில்தான் உறங்க வேண்டும் என்றார். நைலான் கயிறு கடைகளில் மலிவாகக் கிடைக்கும் காலத்திலும் இதை மட்டும் மாற்ற அவர்கள் சம்மதிக்கவில்லை.

எறியீட்டிக்காரனை ‘லமஃபா’ என்பார்கள். படகின் முனையில் துருத்திக்கொண்டிருக்கும் மூங்கில் மேடையில் நின்று, தன் உடலின் எடை முழுவதையும் ஈட்டியின் மேல் சாய்த்துக் கடலுக்குள் குதிப்பவன் அவன். பதினைந்து மீட்டர் நீளமுள்ள விலங்கு அடிபட்ட வேகத்தில் படகை இழுத்துச் செல்லும். வாலால் அடித்து நொறுக்கவும் செய்யும். வீட்டில் கணவனும் மனைவியும் சண்டையிட்டிருந்தால், குலத்துக்குள் தீராத வழக்கு இருந்தால், ஈட்டி தவறும் என்பது அவர்களுடைய நம்பிக்கை. ஆகவே கடலுக்குப் போவதற்கு முன் பேசித் தீர்க்க வேண்டியவற்றைப் பேசித் தீர்த்துக்கொள்கிறார்கள். நீலத் திமிங்கிலத்தை அவர்கள் தொடுவதில்லை. முன்னோர் ஒருவரைக் கடலிலிருந்து காப்பாற்றியது அது என்பது கதை.

திமிங்கிலம் கரைக்கு வந்த பிறகுதான் லமலேராவின் உண்மையான ஒழுங்கு தொடங்குகிறது. அதன் உடலில் எந்தப் பகுதி யாருக்கு என்பது தலைமுறைகளாக வகுக்கப்பட்டிருக்கிறது. லமஃபாவுக்கு ஒரு பகுதி, துடுப்பு வலித்தவர்களுக்கு, படகைக் கட்டிய தச்சனுக்கு, ஈட்டிமுனை அடித்த கொல்லனுக்கு, பாய் பின்னியவருக்கு, படகுக்கு உரிமை கொண்ட குலவீடுகளுக்கு, மலைமேல் அழைத்த பழங்குடியினருக்கு என்று அது பிரிந்து செல்லும். பங்கு பெற்றவர் அதைத் தம் வீட்டில் மறுபடி பிரித்து, அக்காள் தங்கையர் வீடுகளுக்கும் கைம்பெண்களின் வீடுகளுக்கும் அனுப்புவார். ஒரே ஒரு விலங்கின் இறைச்சி இப்படி ஊரின் ஏறத்தாழ எல்லா வீட்டு மூங்கில் கொடிகளுக்கும் வந்து சேர்ந்துவிடும். அங்கே அது பட்டை பட்டையாகக் காயும். கொழுப்பிலிருந்து சொட்டும் எண்ணெய், கீழே கட்டிய மூங்கில் தப்பையில் வழிந்து சேரும். சில ஆண்டுகளில் ஐம்பதுக்கும் மேற்பட்ட திமிங்கிலங்கள் பிடிபட்டதுண்டு. சில ஆண்டுகளில் விரல்விட்டு எண்ணிவிடலாம். எத்தனை வந்தாலும் பிரிக்கும் முறை மாறுவதில்லை.

பிடிப்பது ஆண்களின் வேலை என்றால், அதைச் சோறாக மாற்றுவது முழுக்க முழுக்கப் பெண்களின் வேலை. மலையூர்களில் மக்காச்சோளமும் வாழையும் மரவள்ளியும் உண்டு, மீன் இல்லை. லமலேராவில் அதற்கு நேர்மாறு. சனிக்கிழமைதோறும் பக்கத்து ஊரான வுலாண்டோனியில் பண்டமாற்றுச் சந்தை கூடுகிறது. அம்மாவோடு நானும் போனேன். திமிங்கில இறைச்சி அந்த வாரம் குறைவாகவே இருந்தது. உலர்ந்த கோலா மீனும் உப்பும் சுண்ணாம்பும் கொண்டுவந்திருந்தார். மலையூர்ப் பெண்கள் ஒரு பக்கம், கடலூர்ப் பெண்கள் ஒரு பக்கம். எல்லாரும் பொருளைப் பரப்பி உட்கார்ந்துவிட்டார்கள், ஆனால் யாரும் எதையும் தொடவில்லை. சந்தைப் பொறுப்பாளர் ஊதல் ஊதிய பிறகே பேரம் தொடங்கலாம். ஊதல் ஒலித்ததும் அம்மா எழுந்து, தலையில் தட்டை ஏற்றிக்கொண்டு, எனக்கு விளங்காத வேகத்தில் கூட்டத்துக்குள் போய்விட்டார்.

கையளவு உலர்ந்த திமிங்கில இறைச்சித் துண்டு ஒன்றுக்குப் பன்னிரண்டு மக்காச்சோளக் கதிர் அல்லது பன்னிரண்டு வாழைப்பழம் என்பது நெடுநாளாகப் புழங்கும் கணக்கு. கதிர்களை ஆறு ஆறாகவே எண்ணுகிறார்கள். அம்மா கதிரின் மேலுறையைச் சற்றே பிரித்துப் பார்த்து, வண்டு விழுந்ததை மெதுவாக ஒதுக்கிவைத்தார். எதிரில் இருந்த பெண் மறுபேச்சில்லாமல் வேறொன்றை எடுத்துவைத்தாள். இருவரும் இருபது ஆண்டுகளாக ஒருவரோடு ஒருவர் மாற்றிக்கொள்பவர்கள். அந்தப் பெண்ணின் மகளுக்கு உடல்நலம் சரியில்லை என்பது தெரிந்ததும், அம்மா கணக்குக்கு மேலே இரண்டு மீனை அவள் கூடையில் வைத்தார். மழை பொய்த்த ஆண்டில் அவள் அம்மாவுக்குக் கடனாகச் சோளம் கொடுத்ததும், அதைத் திருப்பிக் கொடுக்க மூன்று பருவங்கள் ஆனதும் திரும்பி வரும் வழியில் சொல்லித் தெரிந்தது. ரூபியாவும் அந்தச் சந்தையில் புழங்குகிறது. சோப்பும் நூடுல்ஸும் காசுக்குத்தான் கிடைக்கும். ஆனால் சோளத்தைக் காசு கொடுத்து வாங்க முயன்ற ஓர் இளைஞனிடம், அதற்கு ஈடாக மீனைக் கொண்டுவா என்று ஒரு மூதாட்டி சொன்னதை என் காதால் கேட்டேன்.

இந்த ஊரின் எதிர்காலத்தைப் பற்றி வெளியிலிருந்து வருபவர்கள் ஒவ்வொரு காலத்திலும் ஒவ்வொரு முடிவோடு வந்திருக்கிறார்கள். 1973இல் ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம், வேட்டையை நவீனப்படுத்துவதற்காக நார்வே நாட்டுத் திமிங்கில வேட்டைக்காரர் ஒருவரை அனுப்பியது. அந்தத் திட்டம் நீடிக்கவில்லை. ஊர் தன் கை ஈட்டிக்கே திரும்பியது. பின்னர் காற்று எதிர்த்திசையில் வீசியது. வணிகத் திமிங்கில வேட்டையைச் சர்வதேசத் திமிங்கில ஆணையம் 1982இல் எடுத்த முடிவின்படி 1986 முதல் நிறுத்திவைத்தது. இந்தோனேசியா அதன் உறுப்பினர் அல்ல. ஆனாலும் திமிங்கிலங்கள் அந்நாட்டுச் சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை. 2009இல் சாவுக் கடல் தேசியக் கடற்பூங்கா அறிவிக்கப்பட்டபோது லமலேரா மக்கள் எதிர்த்தார்கள். அவர்களுடைய கடல் அந்த எல்லைக்குள் சேர்க்கப்படவில்லை. 2014 முதல் ஆனைத்திருக்கைகளுக்கும் முழுப் பாதுகாப்பு வந்துவிட்டது. அவற்றையும் காலங்காலமாகப் பிடித்துவந்த ஊர் இது.

கடல் உயிர்களைப் பாதுகாக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனைத்திருக்கை மிக மெதுவாகப் பெருகும் உயிர். அதன் செவிளுக்கு வெளிநாட்டுச் சந்தையில் விலை கிடைத்த பிறகு நடந்த அழிவை யாரும் மறுக்க முடியாது. ஆனால் உணவுக்காக ஆண்டுக்குச் சில திமிங்கிலங்களைப் பிடித்துப் பங்கிடும் ஊரையும், தொழிற்சாலைக் கப்பல்களால் கடல்களை வெறுமையாக்கிய நாடுகளையும் ஒரே தராசில் நிறுத்துவதை என்னால் ஏற்க முடியவில்லை. வேட்டையை விட்டுவிட்டுச் சுற்றுலாவுக்கு மாறச் சொல்பவர்களிடம் நான் கேட்க விரும்புவது ஒன்றுதான்: திமிங்கிலத்தைப் பார்க்க வருபவர் தரும் பணம் எந்தக் கைம்பெண்ணின் கொடியில் போய்க் காயும்? படகு வைத்திருப்பவருக்கும் தங்கும் அறை வைத்திருப்பவருக்கும் அது வருமானம். அதைப் பங்கிடும் முறையை ஊர் இன்னும் வகுக்கவில்லை. வகுக்க அவகாசமும் வேண்டும்.

பங்கு முறை உள்ளிருந்தே தளர்வதற்குக் காரணங்கள் வேறு. வெளிப்பொருத்து மோட்டாரைப் பூட்டிய சிறு படகுகளை இங்கே ‘ஜோன்சோன்’ என்கிறார்கள். மோட்டாரின் வணிகப் பெயர் ஒன்று படகுக்கே ஆகிவிட்டது. நீண்ட விவாதத்துக்குப் பிறகு ஊர் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தது: தெனாவில் மோட்டார் பூட்டக்கூடாது; ஜோன்சோன் தெனாவைத் திமிங்கிலத்தின் அருகே இழுத்துச் செல்லலாம்; அங்கே கயிற்றை அவிழ்த்துவிட, மற்றதெல்லாம் துடுப்பாலும் கையாலும் நடக்க வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் மோட்டாருக்குப் பெட்ரோல் வேண்டும். பெட்ரோலுக்கு ரூபியா வேண்டும். பங்கிட்ட இறைச்சி ரூபியா ஆகாது. ஆகவே இரவில் மிதவலை விரித்து, விற்கக்கூடிய மீனைப் பிடிக்கிறார்கள். அது ஒழுங்கான வருமானம், ஆபத்தும் குறைவு. அதே வேளையில் வலை ஒரு தனிமனிதனின் சொத்து. அதில் விழும் மீன் வலைக்காரனுடையது. பத்துப் பேர் ஒன்றுகூடினால்தான் நகரும் தெனாவுக்குச் சில காலைகளில் ஆள் சேராமல் போவதற்கு, இரவெல்லாம் வலையோடு விழித்த இளைஞர்களின் உறக்கமும் ஒரு காரணம் என்று அந்தக் கயிற்றுக்காரர் சொன்னார். அவர் யாரையும் குறை கூறவில்லை. அவருடைய பேரனும் வலைக்காரன்தான்.

கல்வி இந்த ஊரை வெகு தொலைவுக்குக் கொண்டுசென்றிருக்கிறது. இந்தோனேசியப் பள்ளிப் பிள்ளைகள் பல தலைமுறையாகப் படித்த இலக்கண நூல்களை எழுதிய மொழியறிஞர் கோரிஸ் கெராஃப் 1936இல் இங்கே பிறந்தவர். தம் முனைவர் பட்டத்துக்கு அவர் ஆராய்ந்ததும் இந்த ஊரின் மொழியைத்தான். 1999 முதல் 2001 வரை நாட்டின் சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்த சோனி கெராஃபும் இதே ஊர்க்காரர். திமிங்கில வேட்டையூரில் பிறந்த ஒருவர் அந்த நாற்காலியில் அமர்ந்தார் என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பாக இருக்கிறது. ஆனால் படித்தவர்கள் திரும்பி வருவதற்கு ஊரில் வேலை இல்லை. ஆசிரியர், செவிலியர், பாதிரியார், அலுவலர் என்று லமலேராவின் பிள்ளைகள் லெவோலெபாவிலும் கூபாங்கிலும் ஜகார்த்தாவிலும் இருக்கிறார்கள்.

படிப்பு எட்டாதவர்கள் மலேசியாவின் சபா மாநிலத்துச் செம்பனைத் தோட்டங்களுக்குப் போகிறார்கள். இந்தத் தீவுக்கூட்டம் முழுவதிலும் ஆண்கள் இல்லாத ஊர்களைப் பார்க்கலாம். 2002இல் மலேசியா ஆவணமற்ற தொழிலாளர்களை வெளியேற்றியபோது, எல்லையில் உள்ள நுனுக்கான் தீவில் ஆயிரக்கணக்கானோர் குடிநீரும் மருந்தும் இல்லாமல் சிக்கித் தவித்தார்கள். பலர் அங்கேயே இறந்தார்கள். அதன் பிறகும் பயணம் நிற்கவில்லை. அம்மாவின் தம்பி சபாவுக்குப் போய்ப் பதினாறு ஆண்டுகள் ஆகின்றன. படகில் அவருக்கு உரிய துடுப்பிடத்தில் இப்போது அக்காள் மகன் உட்காருகிறான். பங்கு வந்தால் ஒரு பகுதி இன்னும் அவர் மனைவிக்குப் போகிறது.

2014ஆம் ஆண்டின் கிராமச் சட்டத்துக்குப் பிறகு, 2015 முதல் ஒவ்வொரு கிராமத்துக்கும் மத்திய அரசின் நிதி நேரடியாக வருகிறது. சிமெண்டுப் பாதை, தண்ணீர்க் குழாய், வடிகால் எல்லாம் அதனால் வந்தவை. குறை சொல்ல மனம் வரவில்லை. தண்ணீர்க் குடத்தோடு மலையேறிய பெண்களுக்கு ஒரு குழாய் என்பது சிறிய மாற்றம் அல்ல. ஆனால் ஓர் அவசர நோயாளியை லெவோலெபா மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல இன்றும் அதே நான்கு மணி நேரப் பாதைதான். ஊரின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கப்போவது எது என்று என்னைக் கேட்டால், திமிங்கிலச் சட்டத்தைக் காட்டிலும் அந்தப் பாதையைத்தான் முதலில் சொல்வேன். பாதை நன்றாக இருந்தால் வலைமீன் பனிக்கட்டியில் நகரத்துக்குப் போகும், கர்ப்பிணிகள் உரிய நேரத்தில் மருத்துவரிடம் போவார்கள், ஆசிரியர்கள் வேலையை விட்டு ஓடமாட்டார்கள். போன இளைஞர்களில் சிலராவது பருவத்துக்கு வந்து துடுப்புப் பிடித்துவிட்டுப் போகவும் முடியும்.

நான் கிளம்பிய காலையில் அம்மா வாழைச்சருகில் கட்டிய ஒரு பொட்டலத்தைக் கொடுத்தார். உள்ளே உலர்ந்த கோலா மீன், எண்ணிப் பதினெட்டு. கூபாங்கில் மகனுக்கு ஆறு, செவிலியர் படிப்பு படிக்கும் அண்ணன் மகளுக்கு ஆறு, துறைமுகத்தில் வேலை பார்க்கும் அத்தை பேரனுக்கு மூன்று. லாரி கிளம்பும் வரையில் அவர் இதை மூன்று முறை எனக்குச் சொல்லிக்கொடுத்தார். கூபாங்குக்கு வந்த இரண்டு நாட்களில் ஒவ்வொருவரையும் தேடிக் கண்டுபிடித்துக் கொடுத்து முடித்தேன். பொட்டலத்தில் மூன்று மீன் மிஞ்சியிருந்தன. யாரையோ மறந்துவிட்டேன் என்ற பதற்றத்தோடு நண்பரிடம் தொலைபேசியை வாங்கி அம்மாவிடம் கேட்டேன்.

‘அது சுமந்துகொண்டு போனவன் பங்கு’ என்றார்.